பாலக்காட்டுக் கணவாயும் ‘சூழ்ச்சி’ என்னும் சொல்லும்

கி.பி. 1783 நவம்பர் மாதத் தொடக்கத்தில், ஆனைமலைக் காட்டின் ஊடாக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்படை பாலக்காட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அடைமழை. பீரங்கிகளை இழுக்க வேண்டிய மாடுகள் சேற்றில் புதைந்தன. சிப்பாய்களுக்குப் பல மாத ஊதியம் நிலுவையில் இருந்தது. படைத்தலைவர் வில்லியம் ஃபுல்லர்டனுக்கு வயது 29. அவர் தொழில்முறைப் படைவீரர் அல்லர். பாரிசில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் செயலராகப் பணியாற்றியவர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். அவர் சொந்த முயற்சியில் ஒரு படைப்பிரிவைத் திரட்டியபோது, ஷெல்பர்ன் பிரபு அவரை வெறும் எழுத்தர் என்று இகழ்ந்தார். அதன்பொருட்டு 1780இல் இலண்டன் ஹைட் பூங்காவில் இருவரும் துப்பாக்கியுடன் நேருக்கு நேர் மோதினர், பிரபு காயமுற்றார். அந்த ‘எழுத்தர்’தான் பாலக்காட்டுக் கோட்டையைப் பதினொரு நாள் முற்றுகைக்குப்பின் கைப்பற்றினார். கொட்டும் மழைக்கு அஞ்சிக் காவலர்கள் ஒதுங்கிய ஒரு பொழுதைக் கேப்டன் மெயிட்லண்ட் பயன்படுத்திக்கொண்டதே கோட்டை வீழ்ந்ததற்கு உடனடிக் காரணம்.

உடனடிக் காரணத்தைவிட, ஃபுல்லர்டன் ஏன் பாலக்காட்டுக்கு வந்தார் என்னும் வினாவே இங்கு முதன்மையானது. மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிறது. கொங்குநாட்டின் தானியமும் மலபாரின் துறைமுகங்களும் சந்திக்கும் வாயில் அது. ஐதர் அலி 1766இல் அங்கே கோட்டையைக் கட்டியதன் காரணமும் அதுவே. மைசூரிலிருந்து படை நடத்தி மலபாரை ஆள்வதற்கு அந்த வாயிலின் தாழ் தம் கையில் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கம்பெனியின் படைகளோ அதுவரை கர்நாடகப் பகுதியில் கோட்டைகளை இழப்பதும் மீட்பதுமாகக் காலம் கழித்தன. ‘இழந்த கோட்டையை எப்படி மீட்பது?’ என்பதே சென்னை அதிகாரிகளின் வினா. ஃபுல்லர்டன் அந்த வினாவை மாற்றினார். ‘மைசூர்ப்படை எங்கிருந்து உண்கிறது, எந்த வழியாகக் கடலை அடைகிறது?’ என்று கேட்டார். விடை கோயம்புத்தூர்ச் சமவெளி, பாலக்காட்டுக் கணவாய்.

அதே மாத இறுதியில் கோயம்புத்தூரும் அவர் வசமாயிற்று. சீரங்கப்பட்டணத்தை நோக்கி மலையேறத் திட்டமிட்டிருந்த வேளையில், திப்புவுடன் அமைதிப் பேச்சு நடக்கிறது, பிடித்தவற்றைத் திருப்பித் தருக என்னும் கட்டளை சென்னையிலிருந்து வந்தது. 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கோட்டை கைமாறியது. இலண்டனுக்குத் திரும்பிய ஃபுல்லர்டன் 1787இல் ஒரு நூலை அச்சிட்டார். இந்தியாவில் ஆங்கிலேயர் நலன்களைப் பற்றிய பொதுநோக்கும், 1782 முதல் 1784 வரையிலான தென்னகப் போர் நடவடிக்கைகளின் விவரமும் அடங்கிய நூல் அது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு, தன் வெற்றி வீணானதைப் பொறாத ஒருவரின் தன்விளக்கமாகத் தோன்றும். அந்தக் குணமும் அதில் இல்லாமலில்லை. ஆயினும் படைக்கு ஊதியம் தவறாமல் தருவது, இழுவை மாடுகளைப் போருக்கு முன்பே திரட்டி வைப்பது, வரிக் குத்தகைக்காரர்களின் கொடுமையால் ஊர்கள் பகையாவதைத் தடுப்பது ஆகியவற்றை வெற்றியின் அடிப்படைகளாக அது முன்வைத்தது. இன்று ஒரு கொள்கை ஆய்வு மையம் வெளியிடும் ‘நெடுங்காலப் பாதுகாப்புத் திட்ட’ அறிக்கையின் உள்ளடக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

இந்த அறிவு ஃபுல்லர்டனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் நோக்க வேண்டும். தஞ்சையில் வாழ்ந்து தமிழ் கற்று, பஞ்சகாலத்தில் கோட்டைக் காவற்படைக்கே தானியம் திரட்டிக் கொடுத்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் பெயரை அவர் நூலில் நன்றியோடு குறிப்பிடுகிறார். பெயரில்லாதோர் அதற்கு மேல் பலர்: வழிகாட்டிகள், துபாஷிகள், அரிக்காரர்கள், காட்டுப் பாதையை அறிந்த மலைமக்கள். ‘ஹர்காரா’ என்னும் பாரசீகச் சொல் தமிழில் அரிக்காரன் ஆனது. ஓலை கொண்டு ஓடுபவனும் வேவு பார்ப்பவனும் அவனே. கணவாயின் இரு பக்கத்தையும் மொழியாலும் வணிகத்தாலும் அறிந்திருந்தவர்கள் அவர்கள்தாம். அவர்களுடைய அறிவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இலண்டனில் நூலாயிற்று. அந்நூல் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று.

ஏழாண்டுகள் கழித்து மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டபோது, ஜெனரல் மெடோஸ் 1790இல் மீண்டும் கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்தே படையெடுப்பைத் தொடங்கினார். அந்தச் செப்டம்பரில் கர்னல் ஸ்டூவர்ட் பாலக்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றினார். இம்முறை கம்பெனி அதை விடவில்லை. ஆனால் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியே இறங்கி வந்து அந்தப் படையெடுப்பையே குலைத்தார். அடுத்த ஆண்டு காரன்வாலிஸ் வழியை மாற்றி, கிழக்கிலிருந்து பெங்களூரை நோக்கிச் செல்ல நேர்ந்தது. ஆகவே ஃபுல்லர்டனின் திட்டம் முற்றும் சரியென நிறுவப்பட்டது என்று சொல்வதற்கில்லை. அது சரியோ தவறோ, எழுதப்பட்டிருந்தது. ஆதலால் பின்வந்தவர்கள் அதனோடு உடன்படவோ முரண்படவோ முடிந்தது. நெடுங்காலத் திட்டமிடலுக்கு அறிக்கைகள் செய்யும் முதல் உதவி இதுதான். படைத்தலைவர்கள் மாறுவர், ஆளுநர்கள் மாறுவர். ஏட்டில் ஏறிய நினைவு நிற்கும்.

அந்த நினைவைத் தனிமனிதரிடமிருந்து அலுவலகத்துக்கு மாற்றும் பணி விரைவில் தொடங்கியது. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஏற்பட்டது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட சில ஆண்டுகளில், 1816 முதல் 1820 வரை, வார்டு, கானர் என்னும் இரு படையதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை முழுவதும் அளந்தனர். இன்றைய இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைகளும் உயர்மலைத் தொடரும் அந்த அளவையில் அடங்கும். அவர்கள் வரைந்தவை வரைபடங்கள் மட்டுமல்ல. பாதைகள், நீர்நிலைகள், பயிர்கள், குடிகள், மலையில் வாழ்வோர் பழக்கங்கள் ஆகிய அனைத்தும் விளக்கக் குறிப்புகளாகத் தொகுக்கப்பட்டன. இன்று கேரள வரலாறு எழுதுவோர் அதைச் சமூக ஆவணமாகப் பயன்படுத்துகின்றனர். எழுதப்பட்ட காலத்தில் அது, அண்மையில் கிளர்ந்தெழுந்த ஒரு நாட்டில் படையும் அதற்கான உணவும் எந்த வழியாகச் செல்லலாம் என்பதற்குமான விடை. 1870இல் சிம்லாவில் கர்னல் மக்கிரெகர் ஐக்கிய படைச்சேவை நிறுவனத்தைத் தோற்றுவித்ததோடு, படையதிகாரிகள் கூடிப் படித்து விவாதிக்கும் நிலையான இடமும் இந்தியாவில் உருவாயிற்று.

இவ்வளவு ஏடுகள் இருந்தும் ஆட்சியாளர் முன்கூட்டிச் சிந்திக்காதபோது என்ன நேரும் என்பதற்கு இடுக்கியின் தமிழக எல்லையிலேயே ஒரு சான்று கிடக்கிறது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகப் பேரிஜம் ஏரியைத் தொட்டுக் கொடைக்கானலுக்குச் செல்லும் பழைய மலைப்பாதையை மக்கள் ‘எஸ்கேப் ரோடு’ என்பர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையே காலியாகத் தொடங்கியது. கிழக்குக் கரையில் எதிரி இறங்கினால் ஆங்கிலேயர் மலையேறி மூணாறு வழியே கொச்சிக்குத் தப்புவதற்கென அந்தப் பாதை ஒதுக்கப்பட்டதாக அப்பகுதி வரலாறு கூறும். ஒருவர்கூட அவ்வழியே தப்பியோட நேரவில்லை. 1990இல் பாதை மூடப்பட்டது. அதன் ஒரு பகுதி இன்று பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் எல்லைக்குள் கிடக்கிறது.

அந்தத் திட்டத்தின் குறை சாலையின் குறையன்று. வங்காள விரிகுடாவில் எதிரியின் கப்பற்படை தங்குதடையின்றி உலவும் நிலையில், ஒரு கடற்கரையிலிருந்து தப்பி இன்னொரு கடற்கரைக்கு ஓடுவது அது. பிரிட்டிஷ் அரசு வடமேற்கு எல்லையின் கணவாய்களைப் பற்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அறிக்கைகளைக் குவித்திருந்தது. கடல் தன்னுடையது என்று நம்பியிருந்தபடியால் கடலைப் பற்றிக் கேட்கத் தவறியது. இந்த ஓட்டையைத் தெளிவாகச் சுட்டியவர் குட்டநாட்டுக் காவாலத்தில் பிறந்த கே.எம். பணிக்கர். இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும் பற்றிய அவருடைய நூல் 1945இல் வெளிவந்தது. இந்தியாவின் விடுதலை கடலில் இழக்கப்பட்டது, ஆகவே கடலிலேயே அதன் காப்பும் அமைய வேண்டும் என்பது அதன் சாரம். பணிக்கருக்குப் பின்னால் எந்த ஆய்வு மையமும் இல்லை. அவருடைய கருத்தைத் திட்டமாக்கும் அலுவலகமும் இல்லை. விடுதலைக்குப் பின்னும் கடற்படை நெடுங்காலம் நிதி ஒதுக்கீட்டில் கடைசி இடத்திலேயே இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு முறை உருவானது. 1946இல் டக்ளஸ் விமான நிறுவனத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1948இல் தனி நிறுவனமான ராண்ட், கணிதவியலாளர்களையும் பொருளியலாளர்களையும் ஊதியம் கொடுத்து அமர்த்தி, போரைப் பற்றி மட்டும் சிந்திக்கச் சொன்னது. வெளிநாட்டு விமானத் தளங்களை எங்கே அமைப்பது மலிவு என்று விமானப்படை கேட்டது. ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் குழு 1950களின் முற்பகுதியில் ஆராய்ந்து, எதிரியின் முதல் தாக்குதலில் அந்தத் தளங்கள் எஞ்சுமா என்று திருப்பிக் கேட்டது. எஞ்சா என்பதே விடை. தளங்களின் அமைப்பு மாறியது. கேட்ட வினாவுக்கு விடை தருபவர் அலுவலர். வினாவையே மாற்றுபவர் ஆய்வாளர். மழையில் நனைந்தபடி ஃபுல்லர்டன் செய்ததும் அதுதான். ஆனால் இதே ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் எல்ஸ்பர்க்தான், வியட்நாம் போர் குறித்து அரசு தனக்குள் அறிந்ததும் வெளியில் சொன்னதும் வேறு வேறு என்பதைக் காட்டும் மறைவு ஆவணங்களை 1971இல் வெளியிட்டார். அறிவு ஓரிடத்தில் திரண்டால் போதாது, அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதும் வினாவே.

இந்தியாவில் அந்த வினா 1962க்குப் பிறகுதான் எழுந்தது. சீனத்துடனான தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத் ஆகியோர் எழுதிய அறிக்கை 1963இல் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1964 முதல் 1969 வரைக்கான ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 1965 நவம்பர் 11 அன்று, ஒய்.பி. சவான் பாதுகாப்பு அமைச்சராயிருந்த காலத்தில், பாதுகாப்பு ஆய்வு மற்றும் பகுப்பாய்வு நிறுவனம் தில்லியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் மேஜர் ஜெனரல் சோம் தத். 1968இல் பொறுப்பேற்ற இரண்டாம் இயக்குநரே அதற்கு முகமும் குரலும் தந்தவர்: திருச்சிராப்பள்ளியில் 1929இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் முதுகலை பயின்று, இந்திய ஆட்சிப் பணியில் தமிழ்நாட்டுப் பிரிவில் சேர்ந்த கே. சுப்பிரமணியம்.

அவருடைய கீழ் நிறுவனம் செய்த வேலை வெளிப்பார்வைக்குச் சலிப்பூட்டுவது. அயல்நாட்டு இதழ்களையும் வரவுசெலவுத் திட்டங்களையும் படித்துக் குறிப்பெடுத்தல். முப்படைகளிலிருந்து அயற்பணியில் வரும் அதிகாரிகளைக் கட்டுரை எழுத வைத்தல். அவர்களும் பேராசிரியர்களும் ஒரே மேசையில் முரண்படுவதற்குக் கருத்தரங்கு நடத்துதல். படையில் ஒருவர் ஒரு பதவியில் இரண்டு மூன்று ஆண்டுகளே இருப்பார். ஒரு போர்க்கப்பலோ விமானமோ திட்டத்திலிருந்து களத்துக்கு வர பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். இந்த இரண்டுக்கும் இடையே விழும் பள்ளத்தை நிரப்புவதே அந்தச் சலிப்பூட்டும் வேலையின் பயன். 1975இல் கே.வி. கிருஷ்ணராவ் தலைமையில் அமைந்த படைக்குழு, நூற்றாண்டின் இறுதிவரை தரைப்படையின் வடிவம் எவ்வாறு இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தது. அதில் உறுப்பினராக இருந்த செங்கல்பட்டுக்காரரான கே. சுந்தர்ஜி, 1981இல் மாவ் போர்க் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, அணுவாயுதம் பற்றிய வினாக்களை அஞ்சல் வழியே பலருக்கு அனுப்பி, விடைகளைத் தொகுத்து வெளியிட்டார். அரசு அதிகாரபூர்வமாக வாய்திறக்காத பொருள் அது. பின்னர் 1986இல் அவரே தரைப்படைத் தளபதியானார்.

சுப்பிரமணியத்தைப் புகழ்வோர் பெரும்பாலும் தவிர்க்கும் ஓர் அத்தியாயமும் உண்டு. 1971 மார்ச் இறுதியில், கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலை தொடங்கிய சில நாட்களில், தில்லிக் கருத்தரங்கொன்றில் அவர் பேசினார். பாகிஸ்தான் உடைவது இந்தியாவின் நலனுக்கு உகந்தது, இத்தகைய வாய்ப்பு மீண்டும் வாராது என்பது அவர் பேச்சின் கருத்து. நாளிதழ்களில் அது வெளிவந்தது. வங்கமக்களின் போராட்டம் இந்தியச் சதி என்று காட்ட, பாகிஸ்தான் அந்தப் பேச்சையே சான்றாக நெடுங்காலம் பயன்படுத்தியது. இந்திரா காந்தியின் அரசு அவர் விரும்பிய விரைவில் செயல்படவுமில்லை. போர் டிசம்பரில்தான் வந்தது. நிறுவனம் பாதுகாப்பு அமைச்சகத்தின் பணத்தில் நடப்பது. அதன் இயக்குநர் பேசுவது தம் கருத்தா, அரசின் கருத்தா என்று அயலார் எப்படிப் பிரித்தறிவர்? அரசின் பணத்தில் நடக்கும் எந்த ஆய்வு மையமும் இந்த ஐயத்திலிருந்து தப்பியதில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்கத் தகும். பழந்தமிழில் ‘சூழ்’ என்னும் வினைக்கு ஆராய்தல், கலந்தெண்ணுதல் என்பது பொருள். அமைச்சனுடைய முதன்மைத் திறன் சூழ்ச்சி. திருக்குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததும் இந்த எண்ணத் தொழிலை ஒட்டியே. ஆனால் இன்று ‘சூழ்ச்சி’ என்றால் சதி. மூடிய அறைக்குள் சிலர் எண்ணுவதைப் பலர் எவ்வாறு நோக்கினர் என்பதன் சுவடு அந்தப் பொருள்மாற்றத்தில் இருக்கக்கூடும். வழிகாட்டியாகவும் அரிக்காரனாகவும் தம் அறிவைக் கொடுத்தவர்களுக்கு அந்த அறையின் கதவு திறந்ததில்லை.

1999 கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழு அந்தக் கதவைச் சற்றே திறந்தது. சுப்பிரமணியம் தலைவர், லெப்டினன்ட் ஜெனரல் ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், சதீஷ் சந்திரா ஆகியோர் ஏனையோர். ஜூலை இறுதியில் அமைந்த குழு டிசம்பரில் அறிக்கை தந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டு, அது 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உளவமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை, படைகளின் தலைமையும் அமைச்சகமும் பிரிந்து கிடக்கின்றன, நாட்டின் பாதுகாப்புக் கட்டமைப்பு விடுதலைக் காலத்தில் வகுத்தபடியே உறைந்து நிற்கிறது என்பன அதன் முடிவுகள். அமைச்சர் குழு 2001இல் அவற்றை மேலெடுத்துச் சென்றது. முப்படை ஒருங்கிணைப்புத் தலைமையகமும் அந்தமான் நிக்கோபார் கூட்டுத் தலைமையும் 2001இல் வந்தன. பாதுகாப்பு உளவு முகமை 2002இல் வந்தது. முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி என்னும் அமைச்சர் குழுவின் பரிந்துரை மட்டும் 2020 ஜனவரி வரை காத்திருந்தது. சுப்பிரமணியம் 2011இலேயே மறைந்துவிட்டார்.

ஆய்வாளர் சொல்வதற்கும் அரசு செய்வதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இதைக் கொண்டு ஆய்வு மையங்கள் பயனற்றவை என்போரும் உளர். ஆயினும் ஆழ்ந்து பார்த்தால், அந்த இருபது ஆண்டுகளிலும் அந்தப் பரிந்துரை சாகாமல் இருந்ததற்கு அது அச்சிடப்பட்டு யார் கையிலும் கிடைத்ததே காரணம் எனலாம். ஒவ்வோர் ஆட்சியும் அதை ஏன் செய்யவில்லை என்பதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. சுப்பிரமணியம் 1999இல் தமக்கு அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தார். விருதுபெறும் கைக்கும் அறிக்கை எழுதும் கைக்கும் இடையே இடைவெளி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

2004இல் தரைப்படையை ஒட்டியும் 2005இல் கடற்படையை ஒட்டியும் புதிய ஆய்வு மையங்கள் தில்லியில் எழுந்தன. ஓய்வுபெற்ற தளபதிகள் அவற்றில் நிறைந்தனர். தாம் பணியாற்றிய படைக்கே மேலும் பணம் வேண்டும் என்னும் முடிவில் இவர்களுடைய கட்டுரைகள் பல முடிவதில் வியப்பில்லை. பணிக்கர் மீண்டும் வாசிக்கப்படுகிறார் என்பது ஒரு நன்மை. பாலக்காட்டு மாவட்டம் ஒற்றப்பாலத்தோடு பிறப்பால் தொடர்புடைய எம்.கே. நாராயணனும் சிவசங்கர் மேனனும் 2005 முதல் 2014 வரை அடுத்தடுத்து நாட்டின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களாக இருந்தனர். பாலக்காட்டுத் தமிழரான டி.என். சேஷன் அதற்கு முன்பே, 1988இல், பாதுகாப்புச் செயலராக இருந்தார். கணவாய் மண் தில்லியில் சூழ்வோரைத் தொடர்ந்து அனுப்பியிருக்கிறது.

பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி 2010 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில், ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் உள்ளடக்கம் இன்றும் படைநடவடிக்கை சார்ந்த முக்கியத்துவம் உடையது, ஆகவே வெளியிட இயலாது என்று விடையளித்தார். அப்போது அந்த அறிக்கைக்கு வயது 47. அதே ஆண்டில் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலை ஒட்டிய கஞ்சிக்கோட்டில், படைவாகனங்களைச் செய்யும் பெமல் நிறுவனத்தின் ஆலை செயல்படத் தொடங்கியிருந்தது. சில கிலோமீட்டர் மேற்கே ஐதர் அலியின் கோட்டை நிற்கிறது. அதைப் பிடித்தவர் எழுதிய 1787ஆம் ஆண்டு நூலை இன்று எவரும் எடுத்து வாசிக்கலாம். 1962ஐப் பற்றிய அறிக்கையிலிருந்து 2014இல் கசிந்து வெளியான பகுதிகளை மட்டுமே மக்கள் கண்டிருக்கின்றனர்.